நூறு நாள் பதிவுகள் அழிந்த கதையும் அரிப்பு மக்களின் ஆவணங்களும்

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி, லங்கா அரசாங்க முகில் எனப்படும் அரச சேவையகத் தொகுதி, கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டது. அரச நிறுவனங்களின் சுமார் 5000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. சேவை சில மணித்தியாலங்களில் மீண்டும் இயங்கியது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை. அந்த நூறு நாட்களுக்கும் பிரித்து வைக்கப்பட்ட காப்புப் பிரதி இருக்கவில்லை. சேவையகத்துடன் இணைந்திருந்த பிரதிகளும் சேவையகத்தோடு சேர்ந்தே பூட்டப்பட்டுவிட்டன.

இது அப்போது ஊடுருவிகள் பற்றிய செய்தியாகவே பேசப்பட்டது. சேவையகங்களைப் பராமரிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அது திட்டமிடல் பற்றிய செய்தியாகப் பட்டது. ஊடுருவியவர் யார் என்பதைவிட, நூறு நாட்கள் எவரும் தனிப் பிரதி எடுக்காமல் ஒரு நாட்டின் நிர்வாகம் எப்படி இயங்கியது என்பதே என் கேள்வி. போரில் ஆவணங்களை இழந்த எமது மக்கள் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

காகிதத்தை இழந்த ஊர்

எனது தாய்வழி ஊர் அரிப்பு. அருவியாறு கடலோடு சேரும் இடத்துக்கு அருகே, முசலிப் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள கரையோரக் கிராமம். இந்தப் பிரதேசத்தின் அண்மைய வரலாற்றை இடப்பெயர்வுகளின் திகதிகளைக் கொண்டே எழுதிவிடலாம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் முசலிப் பகுதியினரும் அடங்குவர். அவர்களில் பலர் இருபது ஆண்டுகளுக்கு மேல் புத்தளத்தில் வாழ்ந்தார்கள். 2007 செப்டெம்பரில் இராணுவம் சிலாவத்துறையைக் கைப்பற்றிய காலத்தில் அரிப்பு, சிலாவத்துறை மக்கள் வெளியேறினார்கள். அதே மாதம் முள்ளிக்குளம் மக்களும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களின் ஊரில் கடற்படை குடியேறியது.

ஒவ்வொரு ஓட்டத்திலும் சில காகிதங்கள் தொலைந்தன. காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், படகுப் பதிவு, திருமணப் பதிவு. கையில் பையோடு ஓடியவர்களிடம் சில மிஞ்சின. மழையில் நனைந்தும் முகாம்களில் தொலைந்தும் அவையும் குறைந்தன. மீளக் குடியமரும்போதுதான் காகிதத்தின் பெறுமதி தெரிந்தது. 2017 மார்ச்சில் முசலிப் பகுதியின் பெரும் நிலப்பரப்பு மாவில்லு வன ஒதுக்ககமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, தாம் அங்கு வாழ்ந்தவர்கள் என்று காட்ட மக்கள் பழைய உறுதிகளையும் வாக்காளர் இடாப்புகளையும் தேடி அலைய வேண்டியிருந்தது. காடு வளர்ந்திருப்பதைச் செய்மதிப் படம் காட்டும். அந்தக் காட்டுக்குள் யாருடைய கிணறு இருந்தது என்பதைப் பழைய பதிவேடு மட்டுமே சொல்லும்.

அந்தப் பதிவேடுகள் இப்போது கணினிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுகளும் காணிப் பதிவுகளும் மின்மயமாகின்றன. இந்திய நிதியுதவியுடன் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் முன்னெடுக்கப்படுகிறது. இவற்றில் நன்மை உண்டு. முருங்கனில் இருந்தாலும் மட்டக்களப்பில் இருந்தாலும் ஒருவர் தன் பிறப்புச் சான்றிதழின் பிரதியை எடுக்கலாம். ஆனால் 2025 ஒக்டோபரில் அதே லங்கா அரசாங்க முகில் செயலிழந்தபோது, அந்தப் பிரதிகளை வழங்கும் பணியும் தடைப்பட்டது. ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் வைத்தால், கூரை ஒழுகும் நாளில் எல்லாமே நனையும்.

திட்டமிடல் எங்கே பிழைத்தது

சேவையகத் திட்டமிடல் என்றால் விலை கூடிய இயந்திரம் வாங்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அடிப்படையில் அது நான்கு கணக்குகள். இன்று எவ்வளவு தரவு இருக்கிறது? ஆண்டுக்கு எவ்வளவு கூடும்? இயந்திரமும் மென்பொருளும் எத்தனை ஆண்டில் காலாவதியாகும், அவற்றை மாற்றும் பணம் எந்த ஆண்டின் வரவுசெலவில் இருக்கிறது? முழுவதும் அழிந்தால் எத்தனை நாளில் மீட்க முடியும், எந்த நாள் வரையான தரவு மீளும்?

2023 சம்பவத்தில் முதல் இரண்டு கணக்குகளையும் யாராவது போட்டிருப்பார்கள். பிழைத்தவை மற்ற இரண்டும். தாக்கப்பட்ட மின்னஞ்சல் சேவை மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மென்பொருளில் இயங்கியது. அதற்கான ஆதரவை அந்த நிறுவனம் 2023 ஏப்ரல் 11ஆம் திகதியுடன் நிறுத்தியது. அந்த முடிவுத் திகதி பல ஆண்டுகளுக்கு முன்பே வெளியிடப்பட்டிருந்தது. 2021இலிருந்தே புதிய பதிப்புக்கு மாறத் திட்டமிட்டிருந்ததாகவும், நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய பணிப்பாளர் சபையின் தீர்மானங்களாலும் அது தாமதமானதாகவும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கியது.

2022இல் நாடு வங்குரோத்தானது உண்மை. மருந்துக்கே டொலர் இல்லாதபோது மென்பொருள் உரிமத்துக்கு எங்கே போவது என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் பிரித்து வைக்கும் காப்புப் பிரதிக்குப் புதிய உரிமம் தேவையில்லை. சில வன்தட்டுகளும், ஒவ்வொரு நாளும் அவற்றைக் கழற்றிப் பூட்டி வைக்கும் ஓர் ஊழியரும் போதும். தாக்குதலுக்குப் பிறகுதான் நாளாந்தம் இணைப்பற்ற பிரதி எடுக்கும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. அதை முன்னரே செய்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இது முதல் தடவையும் அல்ல. 2021 ஜூலையில் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் இதே முகிலிலிருந்து அழிந்தன. குற்றப் புலனாய்வு வரை போன அந்த விவகாரம், இரண்டே ஆண்டில் வந்த அடுத்த அழிவைத் தடுக்கவில்லை.

வன்தட்டுக்குள் நடப்பது

தாக்குதல் இல்லாமலும் தரவு அழியும். இதைப் பொதுமக்கள் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் எமது சங்கங்களும் அமைப்புகளும் தமக்கெனச் சிறு சேவையகங்களை வைத்திருக்கின்றன.

வன்தட்டு ஒரு பெரிய களஞ்சிய அறை என்றால், கோப்பு முறைமை அதன் களஞ்சியப் பொறுப்பாளர். எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்ற இடாப்பு அவரிடம்தான் உண்டு. இடாப்பு கிழிந்தால் சாமான்கள் அறையிலேயே இருந்தும் கண்டெடுக்க முடியாது.

இடாப்பு கிழிய எமது நாட்டில் முதற் காரணம் மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் முழுத் தீவும் இருண்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின் போனால் இடாப்பு அரைகுறையாக நிற்கும். இன்றைய கோப்பு முறைமைகள், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகு செய்கின்றன. மின் வந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்து இடாப்பைச் சீராக்குகின்றன. ஆனாலும் பேனா நகரும்போது போன வரிகள் போனவைதான். ஒழுங்காக நிறுத்துவதற்குப் பத்து நிமிட அவகாசம் தரும் மின்கலம் இல்லாத சேவையகத்தை நான் சேவையகம் என்றே கணக்கெடுப்பதில்லை.

இரண்டாவது, நிரம்புதல். பாதுகாப்புக் கமராவின் காணொளியோ கட்டுப்பாடின்றி வளரும் பதிவுக் கோப்போ இயங்குதளம் இருக்கும் அதே பகுதியை நிரப்பிவிட்டால், முழுச் சேவையும் நின்றுவிடும். ஆகவே இயங்குதளம், தரவுத்தளம், பதிவுக் கோப்புகள் என்று வன்தட்டைத் தொடக்கத்திலேயே பிரிக்க வேண்டும். எப்போதும் ஐந்தில் ஒரு பங்கை வெறுமையாக விட வேண்டும். இன்னொரு விசித்திரமும் உண்டு: இடம் மிச்சமிருந்தும் புதுக் கோப்பு எழுத முடியாமல் போகலாம். லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, எத்தனை கோப்புகளுக்கு இடாப்பில் வரி ஒதுக்குவது என்பதை உருவாக்கும்போதே தீர்மானித்துவிடும். இலட்சக்கணக்கான சிறு கோப்புகளை வைத்திருக்கும் மின்னஞ்சல் சேவையகங்களில் அறை நிரம்பும் முன்பே இடாப்பு நிரம்பிவிடுவதுண்டு.

மூன்றாவது, ஓசையில்லாத சிதைவு. தட்டில் ஒரு புள்ளி பழுதடைந்து படத்தின் பாதி சாம்பலாக மாறும். கோப்பின் பெயரும் அளவும் அப்படியே இருக்கும். திறக்கும் நாளில்தான் தெரியும். மன்னார்க் கரையின் உப்புக்காற்றும் வெக்கையும் மின்னணுப் பலகைகளை அரித்து இதை விரைவுபடுத்தும். செட்.எஃப்.எஸ் போன்ற கோப்பு முறைமைகள் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்து இந்தச் சிதைவைக் கண்டுபிடிக்கும். இரண்டாவது தட்டில் நல்ல பிரதி இருந்தால் திருத்தியும் விடும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். ‘ரெய்ட்’ முறையில் இரண்டு மூன்று தட்டுகளை இணைத்துவிட்டோம், ஆகவே காப்புப் பிரதி இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அந்த முறை ஒரு தட்டு பழுதானாலும் சேவை நிற்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஒருவர் கோப்பை அழித்தால் எல்லாத் தட்டுகளிலும் ஒரே கணத்தில் அழியும். கப்பக்காரன் பூட்டினால் எல்லாத் தட்டுகளும் பூட்டப்படும். வெள்ளம் வந்தால் பெட்டியோடு போகும்.

பணம் இருந்தும் அழிந்த நாடு

வறுமைதான் காரணம் என்பவர்கள் தென்கொரியாவைப் பார்க்க வேண்டும். 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி டேஜோன் நகரிலுள்ள அரச தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றின. 647 அரச சேவைகள் நின்றன. அரச ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்த ‘ஜி-டிரைவ்’ தொகுதியின் 858 டெராபைட் தரவு முற்றாக எரிந்தது. அதற்கு வெளியே பிரதி இருக்கவில்லை. அளவு மிகப் பெரிது என்பது சொல்லப்பட்ட காரணம்.

காப்புப் பிரதிக்கு இடமில்லாத அளவு தரவைச் சேர்ப்பதும் ஒரு திட்டமிடல் முடிவுதான். எவராவது ஒருவர் அதில் கையெழுத்திட்டிருப்பார்.

அரிப்பில் இதற்கு ஒரு பழைய உதாரணம் நிற்கிறது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகையை எம்மவர் அல்லிராணிக் கோட்டை என்பர். தூண்களும் மாடியும் கடற்காட்சியும் கணக்கிடப்பட்டன. கரையை ஆண்டுதோறும் கடல் எவ்வளவு தின்னும் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை. இன்று மண்மேட்டு விளிம்பில் மிஞ்சிய செங்கற் சுவர்களும் துண்டு துண்டாகச் சரிகின்றன.

எமது கையில் இருக்கும் பதிவுகள்

அரசின் தரவை அரசு பார்க்கட்டும். எமது தரவை யார் பார்ப்பது? காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் சேர்த்த படங்கள், கடிதங்கள், முறைப்பாட்டு இலக்கங்கள். பங்குகளின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்துவப் புத்தகங்கள். இறுதிப் போர்க்காலக் காணொளிகள். மன்னார் சதொச வளாகப் புதைகுழியில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூட்டு எச்சங்களும், 2025இல் செம்மணியில் 200க்கும் மேற்பட்டவையும் வெளிப்பட்டபோது எடுக்கப்பட்ட படங்களும் குறிப்புகளும் இந்த வகையில் சேரும். ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2021 மார்ச்சில் நிறைவேற்றிய 46/1 தீர்மானத்தின்படி ஜெனிவாவில் சாட்சியங்கள் திரட்டப்படுகின்றன. ஆனால் அங்கே போய்ச் சேராதவை பல வீடுகளில், பழைய கைத்தொலைபேசிகளில், ஒற்றை வன்தட்டில் கிடக்கின்றன.

ஒரு சங்கத்துக்கு எவ்வளவு தேவை என்று கணக்கிட்டுக் காட்டுகிறேன். ஏ4 பக்கம் ஒன்றை 300 புள்ளி அடர்த்தியில், வண்ணத்தில், சுருக்காமல் வருடினால் ஏறத்தாழ 26 மெகாபைட். ஒரு இலட்சம் பக்கங்கள் 2.6 டெராபைட். இருநூறு பேரின் வாக்குமூலங்களைத் தலா இரண்டு மணித்தியாலம், நடுத்தரத் தரத்தில் காணொளியாக எடுத்தால் சுமார் 1.4 டெராபைட். இரண்டும் சேர்ந்து 4. வளர்ச்சிக்கும் வெற்றிடத்துக்கும் சேர்த்து 6 அல்லது 8 டெராபைட் வன்தட்டு போதும். ஒரு நல்ல கைத்தொலைபேசியின் விலையில் அப்படியொன்றை வாங்கலாம். ஆனால் ஒன்று போதாது. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய விதியொன்றைத் துறை முழுவதும் பின்பற்றுகிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், அவற்றில் ஒன்று வேறிடத்தில். நான் அதனுடன் ஒன்று சேர்ப்பேன்: ஒரு பிரதி எந்தக் கணினியுடனும் இணைக்கப்படாமல் இருக்க வேண்டும்.

முகிலில் ஏற்றிவிட்டால் சரிதானே என்று கேட்கலாம். அந்த 4 டெராபைட்டை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஏற்ற, இணைப்பு ஒரு கணமும் அறாமல் இருந்தால், 37 நாட்கள் ஆகும். மீட்கும்போதும் இதே கணக்கு வரும். ஆகவே பெரிய தொகுதிகளுக்கு, நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் வன்தட்டே இன்றும் விரைவான வழி. ‘வேறிடம்’ என்பதும் யோசித்துத் தெரிய வேண்டியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது அருவியாறு பெருக்கெடுத்து மன்னார் மாவட்டத்தின் பல பகுதிகள் மூழ்கின. சிலாவத்துறையில் ஒன்றும் நானாட்டானில் ஒன்றும் வைத்தால் இரண்டும் ஒரே ஆற்றின் கைக்குள் இருக்கும்.

ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்.எச்.ஏ-256 எனும் முறையில் 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகையைக் கணினியே உருவாக்கித் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை முற்றாக மாறிவிடும். சேர்த்த நாளிலேயே அந்தப் பட்டியலை அச்சிட்டு, திகதியிட்டு, இருவர் கையொப்பமிட்டு வைத்தால், பத்து ஆண்டின் பின் நீதிமன்றில் ‘இது திருத்தப்பட்ட படம்’ என்று சொல்பவருக்குப் பதில் இருக்கும்.

பிரதி பெருகினால் ஆபத்தும் பெருகும்

இதற்கு எதிரான ஒரு நியாயமும் உண்டு. எமது மண்ணில் ஒரு பட்டியல் தவறான கைக்குப் போவது உயிராபத்தாக இருந்த காலத்தை நாம் மறக்கவில்லை. விசாரணைக்கு அழைக்கப்படும் தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். மூன்று பிரதிகள் என்றால் கசியக்கூடிய மூன்று இடங்கள். ‘எழுதி வைக்காதே, மனதில் வை’ என்று சொல்லும் முதியவர்களின் பயம் அனுபவத்தில் வந்தது.

ஆனால் மனதில் வைத்தவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே பிரதிகளைக் குறைப்பதைவிட அவற்றைப் பூட்டுவதே வழி. முழு வன்தட்டையும் மறையாக்கம் செய்யும் வசதி இன்று இலவசமாகவே கிடைக்கிறது. கடவுச்சொல் ஒருவர் தலையில் மட்டும் இருந்தால் அவர் போகும் நாளில் தரவும் போய்விடும். எழுதி மூடிய உறையொன்றை நம்பகமான இன்னொருவரிடம் வைக்க வேண்டும். வாக்குமூலம் தந்தவரின் பெயரையும் வாக்குமூலத்தையும் தனித்தனித் தொகுதிகளில் வைப்பதும் பயன் தரும். எல்லாவற்றுக்கும் முன்பு அவரின் சம்மதம் வேண்டும்.

எமது சமூகம் இதைச் செய்ய முடியாத சமூகமும் அல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. பல ஏடுகளுக்கு வேறெங்கும் பிரதி இருக்கவில்லை. 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. அந்த அனுபவம் ஊர்ச் சங்கங்களின் மட்டத்துக்கு இறங்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அரசிடம் எதைக் கேட்பது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், தகவல் கேட்கும் உரிமையை மட்டும் தரவில்லை. பதிவேடுகளைப் பட்டியலிட்டுப் பேணும் கடமையையும் அதன் 7ஆவது பிரிவு அரச நிறுவனங்கள்மீது சுமத்துகிறது. இணையத்தளத்தின் பாதுகாப்பு விவரங்களைக் கேட்டால் தேசிய பாதுகாப்பு என்று மறுப்பார்கள். ஆகவே இரகசியம் எதுவும் வெளிவராத கேள்விகளைத் தமிழிலேயே கேட்கலாம்.

முசலிப் பிரிவின் பிறப்பு, இறப்பு, காணிப் பதிவுகளில் எத்தனை வீதம் மின்மயமாக்கப்பட்டுள்ளது? மூலப் பதிவேடுகள் இப்போது எங்கே இருக்கின்றன? இணைப்பற்ற காப்புப் பிரதி எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது? அது சேவையகம் இருக்கும் கட்டடத்திலேயே வைக்கப்படுகிறதா? கடைசியாக அந்தப் பிரதியிலிருந்து மீட்டுப் பார்த்த திகதி என்ன? மென்பொருளின் ஆதரவு முடியும் ஆண்டு எது, அதை மாற்றும் நிதி ஒதுக்கப்பட்டுள்ளதா?

இவற்றில் மீட்டுப் பார்த்த திகதி பற்றிய கேள்விதான் முக்கியமானது. மீட்டுப் பார்க்காத பிரதி இருந்தும் இல்லாததுதான். பதில் வராவிட்டால் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு செய்யலாம். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம். பல ஆண்டுகளாக எமது தாய்மார் வரிசையில் நின்று கொடுத்த முறைப்பாடுகளின் கோவைகள் அங்கே இருக்கின்றன. எமது நாடாளுமன்ற உறுப்பினர்களும் டிஜிட்டல் அடையாள அட்டையை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்பதோடு நிற்காமல், அதன் சேவையகங்களுக்கு இந்தப் பதில்கள் இருக்கின்றனவா என்று சபையில் கேட்க வேண்டும்.

மின்மயமான பின் பழைய பதிவேடுகளை அழித்துவிடும் முடிவு எந்தக் கச்சேரியில் எடுக்கப்பட்டாலும் அதை எதிர்க்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. கறையான் அரித்த காகிதத்தில் பாதி வரியையாவது வாசிக்கலாம். பூட்டப்பட்ட வன்தட்டில் ஓர் எழுத்தையும் வாசிக்க முடியாது. காகிதம், கணினி, வேறிடத்துப் பிரதி ஆகிய மூன்றும் இருந்தால்தான், இன்னொரு வர்த்தமானி வரும் நாளில் அரிப்பில் உள்ள ஒருவர் தன் காணி தன்னுடையது என்று காட்ட முடியும்.